கல்யாணத்துக்கென்று வைத்த தட்டுப்போர்

கண்ணு,

“வருசா வருசம் நீங்க இங்க வர்றீங்க. நாங்க எப்பங்க உங்க வூட்டுக்கு வர்றது?” என்று ஒகேனக்கல் பக்கத்துக் காட்டுக்குள், ஒரு மாட்டுப் பட்டியில், கெம்பம்மா ஒருமுறை என்னைக் கேட்டார். அவர் மோர் கடைந்துகொண்டிருந்தார். நான் இன்னொரு குவளை மோரையும் குடித்து முடித்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கயிறு திரித்துக்கொண்டிருந்த அவர் கணவர் மாதையன், “நாம மட்டுமா போறது? மாடுங்களயும் ஓட்டிக்கிட்டுப் போவோம். வாத்தியாரண்ணன் வூட்டு வாசல் தாங்குதா பாப்போம்” என்றார். எல்லாரும் சிரித்தோம். “எப்ப வேணாலும் வாங்க, மாட்டோடவே வாங்க” என்று நானும் சிரித்துக்கொண்டே சொன்னேன். யோசிக்காமல் சொல்ல முடிந்த பதில் அது. வகுப்பில் பிள்ளைகள் ஒப்பிக்கும்போது நான் எத்தனையோ முறை கண்டித்திருக்கிறேன், அர்த்தம் தெரிந்து சொல் என்று. என்னைக் கண்டிக்க அங்கே யாரும் இல்லை.

உன் கல்யாணத்தன்று, பந்தி நடந்துகொண்டிருந்தபோது, கழுத்தில் மாலையோடு நீ என் பக்கம் குனிந்து, “பட்டிக்காரங்க யாரும் வரலியாப்பா?” என்று கேட்டாய். “சேதி சொல்லி அனுப்பினேன். காட்டுல எந்த மூலையில இருக்காங்களோ” என்றேன். நீ நம்பிவிட்டாய். அந்தப் பக்கம் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டாய். கண்ணு, நான் யாரிடமும் சேதி சொல்லி அனுப்பவில்லை. அவர்கள் அப்போது காட்டில் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். நீயும் உன் மனைவியும் பெங்களூருக்குப் போன பிறகு வீட்டில் சத்தம் குறைந்துவிட்டது. அந்த ஒரு கேள்வி மட்டும் பந்தலோடு சேர்ந்து பிரிந்து போகாமல் நின்றுவிட்டது. உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். “எனக்குச் சொல்லி என்ன ஆவப் போவுது? மாடு அவன் பேருல இருக்குது. அவனுக்கு எழுதுங்க” என்றாள். அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். பொறுமையாகப் படி. ஆனால் படித்து முடித்த பிறகு பொறுமையாக இருக்காதே.

இது நீ எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்த வயசில் தொடங்கியது. பென்னாகரம் பள்ளிக்கூடத்தில் நான் பூகோளம் எடுத்துக்கொண்டிருந்தேன். எல்லாப் பாடங்களிலும் எனக்குப் பிடித்தது மங்கோலியா. கண்ணுக்கெட்டிய தூரம் புல், கம்பளியால் கட்டிய கூடாரம், குதிரைப் பால், புல் தீர்ந்தால் வீட்டைச் சுருட்டி ஒட்டகத்தின் மேல் போட்டுக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போகிற ஜனங்கள். நான் பெங்களூரைத் தாண்டி எங்கும் போனதில்லை. ஆனாலும் கரும்பலகையில் கூடாரத்தை வரைந்து, அதற்குள் படுத்துத் தூங்கி எழுந்து வந்தவனைப் போலப் பாடம் நடத்துவேன். அந்தக் கூடாரத்துக்கு வழிப்போக்கன் ஒருவன் வந்தால், பேர் கேட்பதற்கு முன்னால் பால் கொடுப்பார்கள் என்று ஒருநாள் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து, “எங்க மாமன் பட்டியிலயும் அப்பிடித்தானுங்க சார். ஆனா கூடாரமில்லீங்க. குதிரையுமில்லீங்க. ஒட்டகமுமில்லீங்க” என்றான். “அப்புறம் என்னதாண்டா இருக்குது?” என்றேன். “பாலு இருக்குதுங்க” என்றான். வகுப்பு சிரித்து ஓயக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவன் சொன்ன மாமன்தான் மாதையன். அடுத்த சந்தைக்கு அவர் நெய் விற்க வந்தபோது போய்ப் பேசினேன். அந்தக் கோடை விடுமுறை தொடங்கியதும் அவரோடு காட்டுக்குள் நடந்துவிட்டேன்.

பட்டி என்றால் நமக்கு ஆடுமாடு அடைக்கிற இடம். அவர்களுக்கு அது ஊர். முள்ளை வெட்டி வட்டமாகப் போட்டு, நடுவில் மாடுகள், ஓரத்தில் மூங்கிலும் புல்லும் வைத்துக் கட்டிய கொட்டாய், வாசலில் அணையாமல் புகைந்துகொண்டிருக்கும் ஒரு பெரிய கட்டை. சுற்றுவட்டாரத்துப் புல் தீர்ந்ததும் நெருப்பை ஒரு சட்டியில் எடுத்துக்கொண்டு, தட்டுமுட்டுச் சாமான்களை ஒரு எருதின் முதுகில் கட்டி, அடுத்த பள்ளத்துக்குப் போய்விடுவார்கள். காவிரிக்கரைப் பாறைகளின் மேல் அவர்களோடு நடந்திருக்கிறேன். ஆறு கீழே பிளவுக்குள் இருக்கும். கண்ணில் படாது, காலுக்கடியில் கல் அதிர்வதில்தான் தெரியும். யானை நடந்து போட்ட வழியிலேயே மாடுகள் வரிசையாக ஏறும். நாள் முழுக்க மனிதச் சத்தமே இல்லாத இடங்களில், நான் வாயைத் திறந்து எதையாவது வியந்தால் மாதையன் திரும்பிப் பார்ப்பார். “என்னங்க வாத்தியாரண்ணா, மாட்டக் கூப்புட்டீங்களா?” என்பார். மாட்டைக் கூப்பிடுவதற்கும் சாப்பிடக் கூப்பிடுவதற்கும் தவிர அங்கே யாரும் குரலை உயர்த்துவதில்லை.

அவர்கள் வீட்டுப் பேச்சு கன்னடம், நம்மோடு தமிழ். “ஊட்டா ஆயிதா?” என்று கெம்பம்மா கேட்பார். சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். நாம் என்ன பதில் சொன்னாலும் களியும் மோரும் வந்துவிடும். முதல் தடவை போனபோது, நான் சாப்பிட்டுக் கையைக் கழுவியதும், “சாப்புட்டீங்கல்ல? எந்திரிங்க, வேலிக்கு ஒரு முள்ளு வெட்டிப் போடுங்க” என்று அரிவாளைக் கையில் கொடுத்தார். பட்டிக்குள் சாப்பிட்டவன் பட்டி வேலிக்கு ஒரு முள்ளாவது போட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். நான் வெட்டியதைவிட என் கையில் ஏறிய முள்தான் அதிகம். அதைப் பார்த்து அந்தப் பட்டியே சிரித்தது. அந்தச் சிரிப்பில் எனக்கு ஒரு பெருமை. விருந்தாளியைப் பார்த்து அப்படி யாரும் சிரிக்க மாட்டார்கள்.

சில கோடைகளுக்குப் பிறகு உன்னையும் கூட்டிப் போனேன். உனக்குக் கொஞ்சமாவது நினைவிருக்கும். அன்று பட்டியில் பிறந்து சில நாளே ஆன ஒரு மயிலைக் கிடேரிக் கன்று நின்றது. கெம்பம்மா உன் உள்ளங்கையில் மஞ்சளைக் குழைத்துப் பூசி, கன்றின் முதுகில் அழுத்தச் சொன்னார். நீ அழுத்தினாய். கன்று துள்ளி ஓடியது, நீ உட்கார்ந்து அழுதாய். “இனிமே இது தம்பி மாடு” என்றார் மாதையன். என்ன பேர் வைப்பது என்று பேச்சு வந்தபோது யாரோ, “வாத்தியார் மவனுதுதான? சின்ன வாத்தியாருன்னு வைங்க” என்றார்கள். கிடேரிக்கு அப்படியொரு பேரா என்று ஒரே கேலி. ஆனால் அந்தப் பேரே நின்றுவிட்டது. அடுத்தடுத்த வருஷங்களில் நான் போனவுடனே கெம்பம்மா புகார் சொல்வார்: “உங்க சின்ன வாத்தியாரு சொன்ன பேச்சக் கேக்கறதில்லீங்க. தான் கெட்டதுமில்லாம மத்த மாட்டுக்கும் பாடஞ் சொல்லிக் குடுக்குது.”

அன்று மாதையன் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இந்தக் கடிதத்தில் நீ மறக்கக் கூடாதது இதுதான். “மாடு இங்கதாங்க இருக்கும். பாலும் பட்டிக்குத்தான். பேரு மட்டும் தம்பியோடது. ஆனா ஒண்ணுங்க வாத்தியாரண்ணா. பேரு வெச்சாச்சுன்னா அந்த வூடும் பட்டி வூடு. மழ இல்லாத வருசம் மாடு அங்கயும் வரும்.” நான், “பேஷா வரட்டும்” என்றேன். அதை ஒரு அழகான வழக்கம் என்று மட்டும் எடுத்துக்கொண்டேன். ஊருக்குத் திரும்பி வந்து பள்ளிக்கூடத்தில் சொன்னேன், கல்யாண வீடுகளில் சொன்னேன். கேட்டவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். மங்கோலியாவுக்குப் போக முடியாத எனக்கு, சொல்வதற்கு ஒரு மங்கோலியா கிடைத்துவிட்டது. நான் அப்படிக் காட்டைச் சுற்றிய கோடைகளில் எல்லாம் உன் அம்மாதான் கோடை உழவையும் கிணற்று வேலையையும் ஆள் வைத்துப் பார்த்தாள். “காட்டு மாட்டயெல்லாம் பாத்துட்டு வர்றீங்க, கொட்டாயில கட்டியிருக்கற மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுறது?” என்று கேட்டதைத் தவிர அவள் என்னைத் தடுத்ததில்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். என் வேலைக்காலம் முழுவதும் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர்கள் வருவார்கள். நாங்கள் தோரணம் கட்டுவோம். வருவார், பிள்ளைகளைத் தட்டிக்கொடுப்பார், நாங்கள் கொடுக்கிற பலகாரத்தைச் சாப்பிடுவார், நல்ல வார்த்தை நாலு எழுதிவிட்டுப் போவார். அவர் கெட்டவர் இல்லை. எங்களைப் பிடித்துத்தான் இருக்கும். ஆனால் எங்களில் ஒருவர் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவார் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். பட்டிக்கு நான் அப்படித்தான் போய்வந்திருக்கிறேன். தரையில் உட்கார்ந்தேன், களி தின்றேன், முள் வெட்டினேன். அதனால் நான் இன்ஸ்பெக்டர் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இப்போது இந்த வருஷத்துக்கு வருகிறேன். போன வருஷமும் மழை இல்லை, இந்த வருஷமும் இல்லை என்பது உனக்குத் தெரியும். உனக்குப் பெண் பேசி முடித்தபோது, கல்யாணம் நம் வீட்டில் என்று ஆனதும், எனக்கு வந்த முதல் கவலை மாட்டுக்குப் போடும் சோளத்தட்டுதான். அரிசிக்குக் கூட ரேஷனில் எழுதிப்போட்டு ஏதோ ஏற்பாடு செய்யலாம். வண்டி கட்டிக்கொண்டு வருகிற விருந்தாளிகளின் மாடுகளுக்கு எதைப் போடுவது? சம்பந்தி வீட்டு மாடு நம் வாசலில் வெறும் வாயோடு நின்றது என்ற பேச்சு வந்தால், உன் பிள்ளைகளுக்குப் பெண் பார்க்கும் காலத்திலும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். அதனால் நல்ல வருஷத்தில் அறுத்த சோளத்தட்டை, கிணற்று மேட்டில் போராகப் போட்டு, பனை ஓலை மூடி, நம் உழவு மாடுகளுக்கே அளந்து போட்டு, அப்படியே வைத்திருந்தேன். அதில் ஒரு கட்டை யாராவது உருவினால் எனக்கு என் விலா எலும்பை உருவுவதுபோல இருந்தது.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம் உன் மாமனார் பந்தல் விஷயம் பேச வந்திருந்தார். வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டு அவரை உட்கார வைத்திருந்தேன். புது உறவு, பேச்சில் நானும் ரொம்ப நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அப்போது சந்து முனையில் புழுதி தெரிந்தது. அதற்குள்ளிருந்து, “வாத்தியாரண்ணா! வந்துட்டோம்!” என்று மாதையன் குரல். நான் அவர் குரலை உயர்த்திக் கேட்டது அதுதான் முதல் தடவை. பின்னாலேயே மாடுகள். காட்டில் பாறை ஏறிய அந்த மாடுகளா என்றிருந்தது. எலும்பின் மேல் தோலை உலர்த்தப் போட்டதுபோல இருந்தன. ஒன்று நம் வேலியில் சாய்ந்து நின்றது, நகரவில்லை. உன் மாமனார் வேடிக்கையாக, “என்னங்க சம்பந்தி, மாட்டுப் பொங்கலு முன்னாடியே வந்துருச்சா?” என்றார். நான் சிரித்தேன்.

மாதையன் வேலிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அவர் பட்டிக்குள் அப்படித்தான் நுழைவார். “காட்டுல சருகுகூட இல்லீங்க. மழ எறங்கற வரைக்கும் கெணத்து மேட்டுல கெடந்துட்டுப் போயிடறோம். தட்டு கெடக்குதில்ல, அது போதும்” என்றார். என் வீட்டில் இருப்பதைக் கேட்கிற குரலாக இல்லை. தன் வீட்டுக்கு வந்துசேர்ந்தவரின் குரலாக இருந்தது. உன் மாமனார் என்னைப் பார்த்தார். நான் போரைப் பார்த்தேன். அதற்குள் சமையற்கட்டிலிருந்து உன் அம்மா, “யாருங்க அது?” என்று கேட்டாள்.

“யாரோ மாட்டுக்காரங்க. தண்ணி கேக்கறாங்க” என்றேன்.

கெம்பம்மா வேலியோரம், ஒரு மயிலைப் பசுவின் கழுத்தில் கை போட்டுக்கொண்டு நின்றிருந்தார். அது எந்தப் பசு என்று எனக்குத் தெரியும். மாதையன் என்னை நோக்கித் திரும்பி, “இல்லீங்கண்ணா, தண்ணிக்கு…” என்று ஆரம்பித்தார். அவருக்கு இன்னும் விளங்கவில்லை. கெம்பம்மாவுக்கு விளங்கிவிட்டது. “ஆமாங்க, தண்ணிதான் கேட்டோம்” என்று உன் அம்மாவுக்குக் கேட்கும்படி சொன்னார். என் வார்த்தை பொய்யாகாமல் காப்பாற்றிக் கொடுத்தார். தொட்டியில் மாடுகள் மாறி மாறிக் குடித்தன. நான் உன் மாமனாரிடம் வாழைமரம் எங்கே வாங்குவது என்று பேசிக்கொண்டிருந்தேன். “வாங்க, வெயிலு சாயறதுக்குள்ள போவலாம்” என்று கெம்பம்மா சொன்னது கேட்டது. வேலியில் சாய்ந்திருந்த மாட்டை ரெண்டு பேர் சேர்ந்து தூக்கி நிமிர்த்தினார்கள். அவர்கள் போன பிறகு உன் மாமனார், “பாவங்க, எந்த ஊருங்களோ” என்றார். வாத்தியாரண்ணா என்று சுற்றுவட்டாரத்தில் பலரும் என்னைக் கூப்பிடுவதால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. “ஆமாங்க” என்றேன்.

உன் கல்யாணத்துக்கு வந்தவர்களை நீ பார்த்தாய். சம்பந்தி வீட்டார் தருமபுரியிலிருந்து, பெட்ரோல் கிடைக்காததால் கரிப்புகையில் ஓடுகிற ஒரு கரி பஸ்ஸை அமர்த்திக்கொண்டு வந்துவிட்டார்கள். மேட்டில் பஸ் நின்றுபோய், பெண்வீட்டு இளவட்டங்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்ததைப் பார்த்து நீகூடச் சிரித்தாய். மற்றவர்களும் கிடைத்த பஸ்ஸில் வந்தார்கள், நடந்து வந்தார்கள். மாட்டுக்கு இரை இல்லாத வருஷத்தில் யார் வண்டி கட்டுவார்கள்? எனக்கு அது தோன்றவில்லை. வந்த வண்டிகளை விரல் விட்டு எண்ணலாம். அந்த மாடுகளுக்கும் அவரவர் தட்டை அவரவரே கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். விருந்தெல்லாம் முடிந்து விடைபெறும்போது உன் மாமனார் கிணற்று மேட்டுக்குப் போய்விட்டு வந்து, “இவ்வளவு தட்டு வெச்சிருக்கீங்களே! அன்னிக்கு அந்த மாட்டுக்காரங்க வந்தாங்கள்ல, போட்டிருந்தா புண்ணியமாப் போயிருக்கும். எனக்குத் தோணாமப் போச்சுங்க, நாங்கூட ரெண்டு வண்டி அனுப்பியிருப்பனே” என்றார். எவர் முன்னால் நான் அவர்களைத் தெரியாதவர்கள் என்றேனோ அவரே சொன்னார். அவர்மேல் ஒரு தவறும் இல்லை, கண்ணு. அவர் மனசை நானாக ஒரு அளவு அளந்து வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. சந்தையில் விசாரித்ததில், மேட்டூர் அணைத் தண்ணீர் பின்வாங்கிய இடத்தில் கொஞ்சம் பச்சை பிடித்திருக்கிறது, மாட்டுக்காரர்கள் எல்லாம் அங்கேதான் என்றார்கள். போனேன். அப்படியொரு இடத்தை நான் பார்த்ததில்லை. பாளம் பாளமாக வெடித்த சேறு, அணை கட்டியபோது மூழ்கிப்போன ஊரின் அடிச்சுவர்கள், ஒரு கோயில் தூண், கிளையில்லாமல் நிற்கும் புளியமரக் கட்டைகள். தண்ணீர் எங்கோ தூரத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டை ஒட்டிக் கொஞ்சம் புல். பல ஊர் மாடுகள் அதன் மேல். எவருடைய தெரு என்று தெரியாத ஒரு தெருவின் வழியாக நடந்து போய் அவர்களைக் கண்டுபிடித்தேன். முன்பிருந்த மாடுகளில் பாதி இல்லை. வேலி போட அங்கே முள் இல்லை. உன் பசு இருந்தது. படுத்திருந்தது, நான் கூப்பிட்டதற்குக் காதை அசைத்தது.

மாதையன் எழுந்து நின்றார். “வாங்க தொரெ” என்றார். காட்டு இலாகா ஆட்களை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இத்தனை வருஷத்தில் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. கேலியாகச் சொன்னாரோ என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை, கோபமும் இல்லை. கெம்பம்மா ஒரு துப்பட்டியை உதறி விரித்து, “உக்காருங்க” என்றார். கொஞ்சம் பால் கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பஞ்சத்தில் அந்தப் பால் எந்தக் கன்றின் வாயிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். “ஊட்டா ஆயிதா?” என்று அவர் கேட்கவில்லை. பேர் கேட்பதற்கு முன்னால் பால் கொடுக்கிற மரியாதை எனக்கும் கிடைத்துவிட்டது.

நான் தப்புச் செய்துவிட்டேன் என்றேன். “அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க தொரெ. கல்யாண வூடு. ஆயிரம் இருக்கும்” என்றார் மாதையன். தட்டு அப்படியே இருக்கிறது, நாளைக்கே வண்டியில் அனுப்புகிறேன் என்றேன். அவர் மாடுகள் பக்கம் திரும்பினார். “வெளியாளுங்ககிட்ட வாங்கினா வெல குடுக்கணுங்க. குடுக்கறதுக்கு எங்ககிட்ட என்ன இருக்குது? பட்டி வூட்டுதுன்னா உரிமயா எடுத்துக்குவோம்” என்றார். பிறகு உன் பசுவின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுக்க வந்தார். “தம்பி மாடுங்க. ஓட்டிக்கிட்டுப் போங்க. இங்க கெடந்தா பொழைக்காது.” கயிறு கைமாறினால் பேர் போய்விடும், அந்த வீடு பட்டி வீடு இல்லை என்று அர்த்தம். அதையும் மாதையன்தான் எனக்கு எப்போதோ சொல்லியிருந்தார், நானும் கேட்டுத் தலையாட்டியிருந்தேன்.

கயிற்றை நான் வாங்கவில்லை. “இது என் மாடில்ல மாதையா, அவன் மாடு. வாங்கறதும் விடறதும் அவன்தான். எழுதிக் கேக்கறேன்” என்றேன். அவர் கெம்பம்மாவைப் பார்த்தார். கெம்பம்மா, “தம்பி கொண்டாந்தா அது வேற” என்றார். பிறகு புல்லிருந்த பக்கம் கையை நீட்டி, “ஆனா அது தீர்ந்துபோச்சுன்னா இதுங்க எழுத்துக்கெல்லாம் காத்துக்கிட்டு நிக்காதுங்க” என்றார். அவர் காட்டிய இடத்தில் மாடுகள் மண்ணோடு சேர்த்துத்தான் மேய்ந்துகொண்டிருந்தன.

எனக்கு மன்னிப்பு வாங்கித்தர உன்னை அனுப்புகிறேன் என்று நினைக்காதே. அது எனக்குக் கிடைக்காமல் போனாலும் நியாயம்தான். அந்த மாடுகளுக்கு இரை வேண்டும், அதைக் கொடுக்க இன்றைக்கு அவர்கள் கணக்கில் உரிமை உள்ளவன் நீ ஒருவன். எனக்கு அவர்களோடு இருந்த பழக்கம் போய்விட்டது. உன் பேர் இன்னும் போகவில்லை. ஒரு கயிற்றில் நிற்கிறது. உன் மனைவிக்கும் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. அவள் அப்பாவைப் பற்றி நான் எழுதியிருப்பது அவளுக்குப் பெருமையாகத்தான் இருக்கும். தனிக் குடித்தனம் வைத்திருக்கிறீர்கள். உங்கள் வாசலிலும் ஆட்கள் வந்து நிற்பார்கள். யார் என்று அவள் உள்ளேயிருந்து கேட்பாள். அப்போது பக்கத்தில் எவர் உட்கார்ந்திருந்தாலும், வந்தவரின் பேரைச் சொல். நான் “மாதையன் வந்திருக்காரு” என்று சொல்லியிருந்தால், உன் அம்மா உலையில் இன்னும் கொஞ்சம் மாவைப் போட்டிருப்பாள், அவ்வளவுதான் நடந்திருக்கும்.

இந்தக் கடிதம் கிடைத்தவுடன் லீவு சொல்லிவிட்டுப் புறப்படு. ஓலையைப் பிரித்துப் போட்டுவிட்டேன். வண்டிக்கு அச்சாணியும் மையும் பார்த்து வைத்துவிட்டேன். நம் மாடுகள் ஒரு பாரம் இழுக்கும். மீதத்தை ஏற்றிவர உன் மாமனார் வண்டி தருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் கூட வரவில்லை. வழியை உன் அம்மா சொல்வாள், அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். நம் வீட்டில் எல்லாருக்கும் பேச்சு அதிகம், உனக்கும் என் வாய்தான் வந்திருக்கிறது. அங்கே போனதும் என் சார்பில் ஏதும் விளக்கம் சொல்லத் தொடங்காதே. மாதையன் கயிற்றை நீட்டினாலும் கை நீட்டாதே. நேராக மாடுகளிடம் போய், தட்டைக் கட்டவிழ்த்து அவற்றின் முன்னால் பரப்பு. அவை தின்று முடிக்கும் வரை வாயைத் திறக்காதே.